பாயம்மாவின் சர்க்கரைப் பூனை

அரூரில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா ஹஜ்ஜுக்குப் புறப்பட இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்று காலை நான் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து குந்தி உட்கார்ந்தார். தன்னுடைய பூனையை எனக்கே சொந்தமாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். கையில் இருந்த சேலையைப் பிழிவதா விடுவதா என்று தெரியாமல், பிழிந்ததையே திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"இப்பவே சொல்ல வேணாம் கண்ணு. அடுத்த வியாழக்கெழமைக்குள்ள சொல்லு. வெள்ளிக்கெழமை தொழுதுட்டு நாங்க பஸ்ஸேறிருவோம்" என்றார்.

அவரை ஊரே பாயம்மா என்றுதான் கூப்பிடும். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவர் கணவர் பாய்க்குக் கடைவீதியில் தகரப்பெட்டிக் கடை. ஒரே மகளை வாணியம்பாடியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். முன்கட்டில் அவர்கள், பின்கட்டில் நான், நடுவில் ஓர் ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். சேலத்துக்காரி, இருபத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, சொந்த ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதிப்போட்டு இரண்டு வருடம். இதைச் சொல்லிவிட்டால் அப்போதைய என்னைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் மிச்சம் இல்லை. எந்த இடத்திலும் கால் தரிக்காத ஆள் நான். அந்த வீட்டில் நான்கு வருடம் இருந்தும் சுவரில் ஓர் ஆணி அடித்ததில்லை. நாளைக்கே மாற்றல் வந்துவிடும் என்று பெட்டியிலிருந்து சேலையை எடுத்து உடுத்தி, துவைத்துக் காய்ந்ததும் பெட்டியிலேயே மடித்து வைப்பேன். என்னைப் பார்த்து ஒருவர் பூனையை வைத்துக்கொள்ளச் சொல்கிறார். அதுவும் எந்தப் பூனை? காலை ஆறரைக்கும் மாலை ஆறரைக்கும் இன்சுலின் போட வேண்டிய பூனை.

அது செவலை நிறத்தில் ஒரு கடுவன் பூனை. ஒன்பது வயது. பாயம்மா அதற்குப் பெயர் வைக்கவில்லை. "டேய்" என்பார், அது வரும். ஒரு காலத்தில் தலையணை மாதிரி இருந்ததாம். முந்தைய வருடம் திடீரென்று இளைக்க ஆரம்பித்தது. தின்றது தின்றபடி இருக்க, உடம்பு மட்டும் வற்றியது. பாத்திரம் கழுவுகிற தொட்டியில் தலையைக் கவிழ்த்துத் தண்ணீர் குடித்தது. கிணற்றுக்குப் பின்னால் அடுப்புச் சாம்பல் கொட்டும் மேட்டில்தான் அது ஒன்றுக்குப் போகும். அங்கே பிள்ளையார் எறும்பு கறுப்பாக மொய்த்திருப்பதைப் பாயம்மா பார்த்தார். அவருக்கே பதினோரு வருடமாகச் சர்க்கரை. வேறு யாராக இருந்தாலும் எறும்பை மிதித்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர் பூனையைக் கூடையில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

அங்கே இருந்த டாக்டர் புதிதாகப் படிப்பு முடித்து வந்தவர். முதலில் சிரித்தாராம். பிறகு பாயம்மா முறைத்த முறைப்பில் நீலக் கரைசலை எடுத்துச் சோதனைக் குழாயில் ஊற்றினார். பூனையின் மூத்திரத்தைப் பாயம்மா கொட்டாங்குச்சியில் பிடித்து மருந்துப் புட்டியில் கொண்டுபோயிருந்தார். எப்படிப் பிடித்தார் என்று கேட்டால் இன்றுவரை பதில் கிடையாது. காய்ச்சியதும் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது, அவ்வளவு சர்க்கரை. டாக்டர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, இரண்டு வேளையும் இரண்டிரண்டு யூனிட் என்றார். பாயம்மாவின் மருந்திலேயே அதற்கும் இரண்டு சொட்டுப் பங்கு. ஈர மணலில் புதைத்த சின்னப் பானைக்குள் மருந்துக் குப்பி இருக்கும். கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்து, முதலில் பூனைக்கு, மறுபடி கொதிக்க வைத்துத் தனக்கு.

ஹஜ் முடிவானதும் அந்த வீடு சத்திரமாகிவிட்டது. வழியனுப்ப வரும் உறவுக்காரர்கள், அவர்களுடைய பிள்ளைகள், விருந்து, விருந்துக்கு மறு விருந்து. பூனைக்கு ஆளுக்கொரு வாய் ஊட்டினார்கள், ஜர்தா என்கிற இனிப்புச் சோறு உட்பட. அதனால் பாயம்மா மூன்று வாரத்துக்கு முன்பே, ஒரு குப்பி மருந்தும் தனி ஊசியும் கொடுத்து, அதை என் பக்கத்துக்குத் தள்ளிவிட்டிருந்தார். "கொஞ்ச நாளைக்குத்தான், கூட்டம் கலையற வரைக்கும்" என்றார். நானும் சரி என்றேன். கொஞ்ச நாளைக்கு எதையும் சரி என்று சொல்வதில் எனக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை.

ஊசி போடுவது லேசுதான், நம்புங்கள். ஈரலை நறுக்கி வைத்தால் அது தலையைக் குனிந்து தின்னும். பிடரித் தோலைக் கூடாரம் போலத் தூக்கி, அடியில் குத்தி எடுத்துவிடலாம். காதைக்கூட ஆட்டாது. முதலில் தீனி, அப்புறம் ஊசி, தள்ளாடினால் வெல்லத் தண்ணீரை ஈறில் தடவு: இவ்வளவுதான் பாடம். என் கஷ்டம் கடிகாரத்தில் இருந்தது. ஒரு வாரம் காலை ஏழு மணி டூட்டி, மறு வாரம் மதியம் ஒரு மணி டூட்டி. மதிய டூட்டியில் இரவு எட்டுக்குத்தான் விடுவார்கள். அந்த வாரங்களில் டீ குடிக்கக் கொடுக்கும் கால் மணி நேரத்தில் எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டுக்கு ஓடி, தீனி வைத்து, ஊசி போட்டு, மூச்சிரைக்கத் திரும்ப வேண்டும். டீ கிடையாது.

இதைத்தான் கிணற்றடியில் அவரிடம் சொன்னேன். "இப்ப மாதிரியே பாத்துக்கறேங்க. நீங்க வந்ததும் குடுத்துடறேன். எதுக்கு எனக்கே எனக்குன்னு?"

பாயம்மா தலையை ஆட்டினார். "அது அமானிதம் ஆயிரும் கண்ணு. ஒருத்தர் பொருள இன்னொருத்தர் பத்தரமா வெச்சிருந்து திருப்பிக் குடுக்கறது. அமானிதமா குடுத்துட்டுப் போனா என் கழுத்துலதான் தொங்கும். அங்க போயி நின்னாலும், அது என்னாச்சோ, ஊசி போட்டாங்களோன்னு இங்கயே நெனப்பு ஓடும். நடுவுல செத்துகித்துப் போனா நீயும் எனக்குப் பயந்துட்டு நிக்கணும். போறவங்க எல்லாத்தையும் தீத்துட்டுத்தான் போகணும். நான் திரும்பி வருவனோ மாட்டனோ. ஒனக்குக் குடுத்தா அது உன்னுது. நான் வந்தாலும் கேக்க மாட்டேன்."

"முடியாதுன்னா?"

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு. மக வூட்டுக்கு அனுப்பறேன். அவளுக்குப் பூன ஆவாது, ஆனா தாய்க்காகச் செய்வா."

அன்றிலிருந்து என் நிம்மதி போயிற்று. அதுவரை அந்தப் பூனை எனக்கு ஒரு வேலை. அன்றிலிருந்து ஒரு கேள்வி. போர்டு முன்னால் உட்கார்ந்து இணைப்பு வயரைத் துளையில் குத்தும்போது நினைப்பேன், மாற்றல் வந்தால் சேலத்தில் அம்மா வீட்டில் இதை எங்கே வைப்பது? ஒரு கல்யாணம், ஒரு சாவு என்று இரண்டு நாள் எங்காவது போக முடியுமா? சர்க்கரைப் பூனை எத்தனை வருடம் இருக்கும்? டாக்டரிடம் கேட்டேன். ஒரு வருடமும் இருக்கலாம், ஐந்து வருடமும் இருக்கலாம், தான் படித்த புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம்தான் இதைப் பற்றி இருக்கிறது என்றார். வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் ஏதோ ஒரு சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தவள், கடைசியில் ஒரு பூனைக்கு வாழ்க்கைப்படுவதா?

ஆபரேட்டர்களுக்கு ஒரு வசதி உண்டு. லைன் சும்மா இருக்கும்போது அடுத்த ஊர் ஆபரேட்டரிடம் பேசிக்கொள்வோம். சட்டப்படி தப்புதான், எல்லோரும் செய்தோம். சேலத்து ஆபரேட்டரிடம் சொல்லி, அம்மாவைப் பக்கத்து வீட்டு டெலிபோனுக்குக் கூப்பிட்டு யோசனை கேட்டேன்.

"பூனைக்குச் சக்கர ஊசியா?" என்றார் அம்மா. "ஏண்டி, உனக்கு வேற வேலையே இல்லையா? பொண்ணு பூனைக்கு ஊசி போட்டுட்டு இருக்கான்னு கேள்விப்பட்டா எவனாவது வந்து கட்டுவானா?"

லைனில் இருந்த சேலத்து ஆபரேட்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தருமபுரி ஆபரேட்டருக்கும் விஷயம் போய்விட்டது. சக்கரை உள்ளவங்களுக்குக் கேழ்வரகுக் களிதானே கொடுக்கணும், பூனைக்கும் களியக் கிண்டிப் போடுங்க, ஊசியே வேண்டாம் என்றார் அந்தம்மா, பெரிய வைத்தியம் சொல்கிற குரலில். எங்கள் பக்கத்தில் சர்க்கரை என்றால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது களிதான். நானும் ஒரு கணம் நம்பிவிட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் களி கிண்டி, மீன் குழம்பு ஊற்றி, உருட்டி வைத்தேன். பூனை குழம்பை நக்கிவிட்டுக் களியைப் பாதத்தால் தள்ளி, மணலில் மூடுவதுபோல் தரையைப் பிறாண்டியது. அன்று காலை ஊசிக்குத் தாமதமானதுதான் மிச்சம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதுவரை தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பாயம்மா கேட்பதற்கு முன்பே, என்னிடம் பூனை வந்த இரண்டாவது வாரத்தில், மூன்று வேளை நான் ஊசி போடவில்லை.

முதல் தடவை தற்செயல். ஒரு ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்சேஞ்சுப் பெண்கள் எல்லோருமாகத் தீர்த்தமலைக்குப் போனோம். படி ஏறி, தீர்த்தத்தில் நனைந்து, கூச்சல் போட்டு, இறங்கி வரும்போது பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது ஊசி நேரம் தாண்டி வெகு நேரம் ஆகியிருந்தது. இனிமேல் என்ன என்று தீனியை மட்டும் வைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாயம்மாவின் குரல் வந்தது. "போட்டாச்சா கண்ணு?"

"போட்டாச்சுங்க" என்றேன்.

அவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை. அடுத்த இரண்டும் தற்செயல் இல்லை. அந்த வாரம் மதிய டூட்டி. செவ்வாய்க்கிழமை ஓடி வரச் சோம்பலாக இருந்தது. எல்லோரோடும் உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது, குடித்தேன். வெள்ளிக்கிழமையும் குடித்தேன். இரண்டு தடவையும் வீட்டுக்கு வந்ததும் அந்தக் கேள்வி, அந்தப் பதில். பூனை இரண்டு நாள் தொட்டியே கதியென்று கிடந்து தண்ணீர் குடித்தது. சாம்பல் மேட்டில் எறும்பு வந்தது. நான் விடியற்காலையில் எழுந்து ஒரு வாளி தண்ணீரை அங்கே கொட்டிவிட்டு வந்து மறுபடி படுத்துக்கொண்டேன்.

இந்த லட்சணத்தில் இருந்தவளிடம்தான் அவர் பூனையை நம்பிக் கொடுக்கிறேன் என்றார். முடியாது என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். வாணியம்பாடிக்குப் போகட்டும். மகளோ மகளின் ஆட்களோ எப்படியோ பார்த்துக்கொள்வார்கள். முடிவு செய்த அன்று நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த திங்கட்கிழமை மதியம் பாய் கடையிலிருந்து வாணியம்பாடிக்கு டிரங்க் கால் போட்டார். நான்தான் இணைப்புக் கொடுத்தேன். லைன் நிற்கிறதா என்று நடுவில் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். கேட்டுவிட்டு உடனே விலகிவிட வேண்டும். நான் விலகவில்லை. பூனை என்ற வார்த்தை காதில் விழுந்தது.

"அந்தப் பொண்ணு மாட்டேன்னுதான் சொல்லும் போல. அதும் மொகத்தப் பாத்தாலே தெரியுது" என்றார் பாய். "ஒங்கிட்ட அனுப்பறதாத்தான் அம்மா இருக்குது."

"அத்தா, என்னால முடியாதுத்தா" என்றாள் மகள். "எனக்கு மூச்சு எளைக்குது, ஊசியெல்லாம் யாரு போடுவா? மாட்டு டாக்டர்கிட்டயே சொல்லி ஒரேயடியா ஊசி போட்டு முடிச்சிரச் சொல்லுங்க. அம்மாகிட்ட இங்க வந்து சேந்துருச்சுன்னு நான் சொல்லிக்கறேன்."

பாய் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஹஜ்ஜுக்குப் போறப்ப பொய் சொல்றதாம்மா?"

"பொய்ய நான் சொல்லிக்கறேன். நீங்க சும்மா மட்டும் இருங்க. அம்மா நிம்மதியாப் போய்ட்டு வரட்டும்."

மூன்று நிமிடம் முடிந்து லைனை எடுத்துவிட்டேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பாய் களைத்துப்போன மனிதர், மகளுக்கு நிஜமாகவே மூச்சிரைப்பு. அவர்கள் அந்தப் பொய்யை ஒருத்தரின் நிம்மதிக்காகச் சொல்லப் போகிறார்கள். நான் ஒரு கிளாஸ் டீக்காகச் சொன்னேன். கேட்டதை வெளியே சொல்ல எனக்கு உரிமையும் கிடையாது. லைனில் காதில் விழுவது லைனோடு போக வேண்டும், இல்லாவிட்டால் வேலை போய்விடும். ஆக, நான் முடியாது என்றால் பூனை செத்தது என்று அர்த்தம். இந்த ஊரில் அது தெரிந்தவர்கள் பாய், அதற்கப்புறம் நான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாயம்மா என் வாசலுக்கு வந்தார். நல்ல சேலை உடுத்தி, தலையில் முக்காடு இழுத்துவிட்டிருந்தார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படும் முன் தெரிந்தவர் எல்லோரிடமும் போய் மன்னிப்புக் கேட்பது அவர்கள் வழக்கம். அந்த வாரம் முழுக்க அவர் தெருத் தெருவாகப் போய்க்கொண்டிருந்தார். பால்காரரிடம் கேட்டார். பதினைந்து வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாத எதிர் வீட்டம்மாவிடமும் கேட்டார் என்று தெருவே பேசிக்கொண்டது. என் முறை வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான்கு வருடமாக என்னை நீ, வா, போ என்று பேசியவர், அன்று நீங்க என்றார்.

"நாலு வருசமா எங்க வூட்ல இருக்கீங்க. ஒரு தடவ தண்ணி எறைக்கறதுக்குச் சத்தம் போட்டேன். ஒங்க அம்மா வந்திருந்தப்ப சரியா மொகங்குடுத்துப் பேசல. எல்லாத்துக்கும் அல்லாவுக்காக மன்னிச்சிருங்க."

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

"இன்னொண்ணும் இருக்குது. நான் ஒங்களச் சந்தேகப்பட்டுட்டேன். சாம்ப மேட்டுல எறும்பப் பாத்தேன். இந்தப் பொண்ணு ஊசி போடாமயே போட்டாச்சுன்னு சொல்லுதோன்னு மனசுல நெனச்சேன். பாய்கிட்டயும் சொல்லிட்டேன். போட்டாலும் சில நாளு எறும்பு வரும், எனக்கே வரும், அது ஒடம்பு வாகு. ஒரு பொண்ணப் போயி அப்பிடி நெனச்சது தப்பு. மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. சொன்னாத்தான் எனக்கு ஆவும்."

அவர் கண் கலங்கியிருந்தது. என் கையை விடவில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

"மன்னிச்சுட்டேங்க பாயம்மா" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டு, என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.

வாழ்க்கையில் வேறு தப்புகளும் செய்திருக்கிறேன். எதற்கும் அப்படிக் குறுகிப்போனதில்லை. செய்த திருட்டைக் கண்டுபிடித்தவர் என்னிடமே வந்து மன்னிப்புக் கேட்கிறார், நான் பெரிய மனதோடு மன்னிக்கிறேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பூனை அரிசி மூட்டை மேல் படுத்திருந்தது. அதன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "எல்லாம் உன்னாலதான்" என்று சத்தமாகவே சொன்னேன். அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

புதன்கிழமை போர்டில் நான் செய்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ரைஸ் மில்லுக்கு வந்த அழைப்பைத் தாலுகா ஆபீசுக்குக் குத்தினேன். நெல் அரைக்கும் கூலி பற்றி ஓர் அதிகாரியிடம் யாரோ ஐந்து நிமிடம் சண்டை போட்டிருக்கிறார். சூப்பர்வைசர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடியும் எழுந்தேன். எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால் பொய்யின் மேல் உட்கார்ந்துகொண்டு சொல்ல வேண்டும். அவர் நல்லவள் கையில் கொடுத்ததாக நம்பிப் போவார். முடியாது என்றால் அது மட்டும்தான் நான் அவரிடம் சொன்ன உண்மையான பேச்சாக இருக்கும், அதற்குப் பூனை சாகும். உண்மையைச் சொன்னால் அவரே பூனையைப் பிடுங்கி மகளுக்கு அனுப்புவார், அப்போதும் அது சாகும். எந்தப் பக்கம் புரண்டாலும் குத்தியது. மாற்றல் ஆர்டர் மட்டும் அன்றைக்கு வந்திருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஓடியிருப்பேன், சத்தியமாக.

வியாழக்கிழமை காலை டூட்டி. இரண்டு மணிக்கு வந்ததும் சாப்பிடாமல் நேராக முன்கட்டுக்குப் போனேன். பாய் கடைக்குப் போயிருந்தார். உறவுக்காரர்கள் உள்ளறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் பாய் கையாலேயே செய்த புதுத் தகரப்பெட்டி திறந்து கிடந்தது, பச்சைப் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. பாயம்மா அதற்குள் வெள்ளைத் துணியை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வா கண்ணு. முடிவு பண்ணிட்டியா?" என்றார்.

"நீங்க சந்தேகப்பட்டது சரிங்க. நான் போடலீங்க. மூணு வேள போடல. போட்டாச்சுன்னு பொய் சொன்னேன்" என்றேன். வாசலில் நின்றபடியே, மூச்சு விடாமல் சொன்னேன்.

துணியை மடித்த கை அப்படியே நின்றது. "நான் வந்து கேட்டப்ப மன்னிச்சேன்னு சொன்னியே?"

"சொன்னேங்க."

"எங் கையப் புடிச்சுக்கிட்டு?"

"ஆமாங்க."

அவர் முகம் சிவந்தது. பாயம்மாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை, தண்ணீருக்காகப் போட்ட சத்தமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. "என்னா நெஞ்சழுத்தம் ஒனக்கு" என்றார், மிகவும் மெதுவாக. பெட்டி மூடியை டமாரென்று அறைந்து சாத்தினார். உள்ளறையில் பேச்சு நின்றது. எழுந்து கிணற்றடிக்குப் போய்க் கைகால் கழுவி வந்து, மூலையில் விரிப்பைப் போட்டுத் தொழ நின்றுவிட்டார். போவதா இருப்பதா என்று தெரியாமல் நான் வாசற்படியிலேயே நின்றேன். பசித்தது. அழுகையும் வந்தது. ஆனாலும் போய்விடவில்லை.

தொழுது முடித்து விரிப்பை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார். "மூணு வேளைதானா? இல்ல கூடவா?"

"மூணுதாங்க."

"எனக்குப் போன வருசம் அஞ்சு வேள தவறிச்சு. ஒரு நாளு கல்யாண வூட்ல ஒக்காந்து பேசிக்கிட்டே இருந்துட்டேன். பாய்கிட்ட போட்டுட்டேன்னுதான் சொன்னேன்." விரிப்பைப் பலகையில் வைத்தார். "ஆனா அவரு எங்கிட்ட மன்னிப்புக் கேட்டு வந்து நிக்கல. நின்னிருந்தா சொல்லிருப்பேன்."

பாயம்மா பெட்டி மூடியைத் திரும்பத் திறந்தார்.

"இப்ப சொல்லு. எடுத்துக்கறியா, மாட்டியா?"

"இன்னொரு தடவையும் தவறுவேங்க" என்றேன். "டீ குடிக்கத் தோணும். மாத்தல் வந்தா சேலத்துக்குத் தூக்கிட்டுப் போயிருவேன். அங்க எங்கம்மா திட்டும். ஆனா எடுத்துக்கறேங்க. எனக்கே குடுத்துருங்க."

"குடுத்தாச்சு" என்றார். ஈர மணல் பானையை அவரே தூக்கிவந்து என் கையில் வைத்தார். உள்ளே இரண்டு புதுக் குப்பி. எனக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

"என்ன மன்னிச்சிருங்க பாயம்மா" என்றேன்.

"மாட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

"ஊரெல்லாம் போயி எல்லாத்தையும் தீத்துட்டேன். எதிர் வூட்டுக்காரிகிட்டகூடத் தீத்துட்டேன். ஒன்னோடத மட்டும் பாக்கி வெச்சுட்டுத்தான் போறேன். திரும்பி வந்து பூனையப் பாத்துட்டு, அப்பறம் மன்னிக்கறேன். வந்தாத்தான். போ, போயிச் சாப்புடு."

வெள்ளிக்கிழமை தெருவே பஸ் ஸ்டாண்டு வரை கூட நடந்து போனது. பாயம்மா எல்லோரையும் கட்டிக்கொண்டு அழுதார், என்னையும் கட்டிக்கொண்டார். காதோடு வாய் வைத்து, "ஆறரை" என்று மட்டும் சொன்னார்.

அவர் திரும்பி வர இரண்டரை மாதம் ஆயிற்று. எனக்கு வந்த பயம் இன்னதென்று சொல்ல முடியாது. கப்பலில் போகிறவர்களுக்கு என்னவெல்லாமோ ஆகிறது, அவருக்கு வேறு சர்க்கரை. அவர் வராமல் போனால் நான் மன்னிக்கப்படாதவளாகவே கிடப்பேன். அந்த இரண்டரை மாதத்தில் ஒரு வேளைகூடத் தவறவில்லை. சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு டீ நேரத்தை ஆறேகாலுக்கு மாற்றிக்கொண்டேன். காய்ச்சலிலும் போட்டேன். பாயம்மா வந்து இறங்கிய அன்று, சுற்றிலும் அத்தனை கூட்டம் இருக்க, பூனையைத் தூக்கி மடியில் வைத்து எடை பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "மன்னிச்சேன் போ" என்றார்.

அடுத்த மாதம் ஒருநாள் சினிமாவுக்குப் போய்விட்டு ஊசியை மறந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன் முன்கட்டுக் கதவைத் தட்டினேன். பாயம்மா திறந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்காகக் காத்திருந்தார்.